நூலகத் தேடலைக் கற்றுக்கொடுக்க எந்த வழி? தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளுக்கு ஓர் ஒப்பீடு

ஜூன் மாதம் கால அட்டவணை போடும்போதே இதை முடிவு செய்தாக வேண்டும். தகவலைத் தேடவும், கிடைத்ததை நம்பலாமா என்று சோதிக்கவும், எங்கிருந்து எடுத்தோம் என்று முறையாகச் சொல்லவும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நம் கல்லூரிகள் நான்கு வழிகளில் ஏதாவது ஒன்றைப் பிடிக்கின்றன. முதலாண்டு தொடங்கியதும் ஒரு மணி நேர நூலக அறிமுகம். 30 மணி நேரத் தனிப் படிப்பு. ஒன்றிய அரசின் ஸ்வயம் போன்ற தளங்களில் இணையவழிப் படிப்பு. ஏதாவது ஒரு பாடத்தின் அசைன்மென்ட் அல்லது புராஜெக்டோடு நூலக வகுப்புகளைச் சேர்த்துக் கட்டிவிடுவது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்காவது வழிதான் பலன் தரும். மற்ற மூன்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முதன்மை வழியாக வைத்தால் உழைப்புதான் மிஞ்சும்.

எதை வைத்து ஒப்பிடுவது? மாணவர்களிடம் ஒரு சிறிய கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள்: 2001-லிருந்து 2011-க்குள் தருமபுரி மாவட்ட மக்கள்தொகை எப்படி மாறியது? கூகுளில் தேடினால் 2001 கணக்கெடுப்புக்கு 28,56,300 என்று வரும். 2011-க்கு 15,06,843. பத்தாண்டில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், பெங்களூருக்கு வேலை தேடிப் போனதுதான் காரணம் என்று எழுதி, வரைபடமும் போட்டுக் கொண்டுவருவார்கள். இரண்டு எண்களும் சரியானவை. முடிவு முழுத் தவறு. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. முதல் எண் பிரியாத மாவட்டத்துக்கானது. இன்றைய தருமபுரி எல்லைக்குள் 2001-இல் இருந்தவர்கள் 12,95,182 பேர். அப்படிப் பார்த்தால் மக்கள்தொகை ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியிருக்கிறது.

எழுத்தறிவு விகிதத்திலும் இதே சிக்கல் உண்டு. 2011-க்கு 64.71 என்றும் கிடைக்கும், 68.54 என்றும் கிடைக்கும். முன்னது கணக்கெடுப்பு முடிந்த கையோடு வெளியிட்ட தற்காலிக எண், பின்னது இறுதி எண். இரண்டுமே ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டவை என்பதைப் பல தளங்கள் சொல்வதே இல்லை. இந்த இரண்டு இடங்களிலும் தடுமாறாத மாணவரை எந்த வழி உருவாக்கும் என்பதே இங்கே அளவுகோல்.

முதலில் அறிமுக வகுப்பு. 60 பேரை நூலகத்துக்குள் சுற்றிக் காட்ட ஒரே ஆள் போதும், செலவு இல்லை, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் காட்ட வருகைப் பதிவும் புகைப்படமும் கிடைத்துவிடும். அதனால்தான் எல்லாக் கல்லூரியிலும் இது இருக்கிறது. ஆனால் முதலாண்டில் சொன்ன சோத்கங்கா (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) என்ற பெயர் மூன்றாம் ஆண்டு ஜனவரியில் புராஜெக்ட் தொடங்கும்போதுதான் தேவைப்படுகிறது. நடுவில் இரண்டரை ஆண்டு. கையில் எடுத்துப் பயன்படுத்தாத ஒன்றின் பெயர் யாருக்கும் அவ்வளவு காலம் நினைவில் நிற்காது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

எனவே அறிமுகத்தை 20 நிமிடமாகச் சுருக்கி, அன்றைக்கே தேவைப்படுவதை மட்டும் சொல்லுங்கள். அடையாள அட்டையைக் காட்டிப் புத்தகம் எடுப்பது, ஓபேக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியல்) தேடுவது, எண்ணைப் பார்த்துத் தட்டில் புத்தகத்தைக் கண்டுபிடிப்பது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நூல்களைப் பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் 628.162 என்ற எண்ணுள்ள குடிநீர்ப் புத்தகம் 628.4-க்கு முன்னால் இருக்கும். மாணவர்கள் 162-ஐ முழு எண்ணாக எடுத்துக்கொண்டு 4-க்கு வெகு தூரம் தள்ளித் தேடுவார்கள், பிறகு ‘புத்தகம் இல்லை’ என்று திரும்பிவிடுவார்கள். புள்ளிக்குப் பின்னால் இடமிருந்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். ஐந்து அட்டைகளில் ஐந்து எண்களை எழுதிக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னால் போதும், விளக்கவுரையே தேவைப்படாது. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82 என்று அந்தந்தத் துறை மாணவருக்கு அவர்களுடைய எண்ணையே கொடுங்கள்.

அடுத்தது 30 மணி நேரத் தனிப் படிப்பு. தாளில் பார்த்தால் இதுதான் முழுமையானது. நூலக வகைமுறை, தரவுத்தளங்கள், மேற்கோள் முறை, கருத்துத் திருட்டு என்று எல்லாம் இடம்பெறும், சான்றிதழும் உண்டு. நடைமுறையில் மூன்று இடங்களில் இடறுகிறது. முதலாவது நேரம். கால அட்டவணையில் காலி பீரியட் இல்லாததால் வகுப்பு மாலைக்குத் தள்ளப்படும். அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியவர்கள்; கடைசியில் விடுதி மாணவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். இரண்டாவது, தேடுவதற்குச் சொந்தத் தேவை ஒன்றும் இல்லாமல் தேடலைப் படிப்பது. மூன்றாவது தேர்வு. தேர்வு என்று வந்ததும் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை எழுதுக, தகவல் அறிவை வரையறுக்க என்று மனப்பாடக் கேள்விகளே வரும். ஐந்து விதிகளையும் பிழையில்லாமல் எழுதுபவர் மேலே சொன்ன மக்கள்தொகைக் கேள்வியில் அப்படியே சறுக்குவார்.

அமெரிக்காவில் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000-இல் வெளியிட்ட திறன் பட்டியலை 2016-இல் கைவிட்டு, ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்துக்கு மாறியது. திறன்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போவதில் நிறைவு இல்லை என்பதை அவர்களும் உணர்ந்ததன் விளைவு அது. நம்மூர்ப் பாடத்திட்டங்கள் பல இன்னும் பழைய பட்டியலின் சாயலிலேயே இருக்கின்றன.

தனிப் படிப்புக்குப் பொருத்தமான இடம் முதுகலை. பிஎச்.டி.க்கு 30 மணி நேர, இரண்டு கிரெடிட் கொண்ட ஆய்வு நெறிப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019 இறுதியிலேயே கட்டாயமாக்கிவிட்டது. முதுகலையில் அதற்கு முன்தயாரிப்பாக நடத்தினால் நன்றாக நடக்கும். குறிப்பாக, ஓர் ஆய்விதழ் தரமானதா என்று மாணவரே எடைபோடும் பயிற்சி இப்போது அவசரத் தேவை. யுஜிசி-கேர் என்ற, ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்த காலம் 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியல் நிறுத்தப்பட்டதோடு முடிந்துவிட்டது.

இணையவழிப் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்வமுள்ள மாணவருக்கு நல்லது. ஆங்கிலத்தில் நடக்கும் 8 வார, 12 வாரப் படிப்பைத் தமிழ்வழி இளங்கலை மாணவர் கைபேசியில் பார்த்து முடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. முடித்தவர்களிலும் பலர் வினாடி வினாவுக்கு விடை பகிர்ந்து முடித்தவர்கள். அதைவிட உங்கள் நூலகர் தமிழில் ஐந்து நிமிட வீடியோக்கள் நான்கைந்து எடுத்து வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போடலாம். கடவுச்சொல்லை மாற்றுவது, ஓபேக்கில் தேடுவது, சோத்கங்காவில் ஓர் அத்தியாயத்தை இறக்குவது போன்ற பொத்தானை அழுத்தும் வேலைகளுக்கு வீடியோவே வகுப்பைவிட மேல். மறந்தால் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நான்காவது. ஐந்தாம் பருவத்திலோ ஆறாம் பருவத்திலோ புராஜெக்ட் உள்ள பாடத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாடத்தின் பீரியட்டிலேயே நூலகரும் பாட ஆசிரியரும் சேர்ந்து மூன்று அமர்வுகள் நடத்த வேண்டும். இதில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. தலைப்பு முடிவாவதற்கு முன்னால் முதல் அமர்வு. ஒரு வாரம் கழித்து இரண்டாவது. வரைவு எழுதத் தொடங்கும்போது மூன்றாவது. தலைப்பை முடிவு செய்த பிறகு முதல் அமர்வை வைத்தால் பாதிப் பயன் போய்விடும். சீனியரின் பழைய புராஜெக்டையோ பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிடிபி சென்டரில் இருக்கும் ஃபைலையோ வைத்துத் தலைப்பு எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு தேடுவதற்கு மாணவரிடம் கேள்வி எதுவும் இருக்காது.

முதல் அமர்வில் கணினியே வேண்டாம். ஒரு தலைப்பைக் கேள்வியாக்குவது, அந்தக் கேள்வியைத் தேடுசொற்களாக உடைப்பது, இவ்வளவுதான் வேலை. ‘பென்னாகரம் வட்டாரத்தில் ஃபுளோரைடு பாதிப்பு’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். பலகையில் மூன்று கட்டம் போடுங்கள்: எது, எங்கே, எந்தக் கோணத்தில். முதல் கட்டத்தில் ஃபுளோரைடு, ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பல், எலும்பு நோய்), நிலத்தடி நீர், ஃபுளோரைடு நீக்கும் முறைகள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அதன் ஆங்கிலச் சொல். இரண்டாம் கட்டத்தில் இடப்பெயர். இங்கே கவனம் தேவை. தருமபுரி, தர்மபுரி என்று தமிழிலேயே இரண்டு எழுத்துமுறை. அதோடு 2004-க்கு முந்தைய கட்டுரையில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்தால் அதற்குள் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடக்கம். 1965-க்கு முன்னால் போனால் இரண்டுமே சேலம் மாவட்டம். 1883-இல் வெளியான சேலம் மாவட்டக் கையேட்டையும் 1918-இன் சேலம் கெசட்டியரையும் தருமபுரி என்று தேடும் வரலாற்று மாணவர் கண்டுபிடிக்கவே மாட்டார். நடுகற்களைப் பற்றி எழுத வருபவருக்கு இந்த ஒரு குறிப்பே ஒரு வார அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ்த் தொழிலைப் பற்றி எழுதும் வணிகவியல் மாணவருக்கும் இதே பயிற்சி. கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி மூன்றும் ஒரே மாம்பழம். ஒரு பெயரை மட்டும் போட்டால் மற்ற பெயர்களில் எழுதியவை வலையில் சிக்காது.

தமிழ்வழி மாணவர்களுக்குப் பெரிய தடை இங்கேதான் இருக்கிறது. விஷயம் தெரியும், அதைத் தேடுவதற்கான ஆங்கிலச் சொல் கைவசம் இருக்காது. ஒவ்வொரு துறையும் தன் பாடத்தின் 40 சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் அமர்வின் வேகமே மாறும். இதை நூலகர் தனியாகச் செய்ய முடியாது, பாட ஆசிரியர்தான் செய்ய வேண்டும்.

இரண்டாம் அமர்வு தேடல். 60 பேருக்குப் பத்துக் கணினி என்றால் காத்திருக்க வேண்டாம், கைபேசியிலேயே நடத்துங்கள். நால்வருக்கு ஒரு கைபேசி, ஒரு நோட்டு. தேடும் வரிசை முக்கியம்: முதலில் கல்லூரி ஓபேக், பிறகு சோத்கங்கா, பிறகு கூகுள் ஸ்காலர் (ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுள் தேடல்), அதன் பிறகே ஆய்விதழ்த் தளங்கள். சோத்கங்காவை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். முதலில் துணைநூற்பட்டியல் கோப்பை மட்டும் இறக்கிப் படித்தால், அந்தத் துறையில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்பது ஒரே இடத்தில் கிடைத்துவிடும். கைபேசியில் டேட்டாவும் மிச்சம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேடுசொல்லை எப்படித் திருத்துவது என்பதை எல்லோரும் பார்க்கச் செய்து காட்டுங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் இன்னொரு சொல்லைச் சேர், சொற்றொடரை மேற்கோள்குறிக்குள் போடு, ஆண்டை வரையறு. ஐந்தாறு மட்டுமே வந்தால் வட்டத்திலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து மாநிலத்துக்கும் விரி. முதல் தேடலில் ஒன்றும் கிடைக்காமல் போவதையும் காட்டுங்கள். எல்லாம் சரியாக வரும்படி ஒத்திகை பார்த்து வந்தால், தங்களுக்கு வராதபோது மாணவர்கள் தேடலையே விட்டுவிடுவார்கள்.

ஆய்விதழ்களுக்கு, அரசுக் கல்லூரிகள் 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் பார்க்கலாம். அத்திட்டத்தில் வராத கல்லூரிகள் கல்லூரிகளுக்கு மின்வளங்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால் அதன் வழியாகப் போகலாம். இந்த அமர்வு கெட்டுப்போவதற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு: மாணவர் கணக்குகளைத் தொடங்காமல் விடுவது. அமர்வுக்குப் பத்து நாள் முன்பே மின்னஞ்சல் பட்டியலைக் கொடுத்துக் கணக்கு திறந்து, ஒவ்வொருவரும் ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு வந்து கடவுச்சொல் போட ஆரம்பித்தால் 50 நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும்.

மூன்றாம் அமர்வுதான் உயிர். கிடைத்ததை எடைபோடுவது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அப்போது வந்த கட்டுரைகள் எல்லாம் இந்தியாவின் மிகப் பழைய இரும்பு என்று எழுதின. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இரும்பின் காலத்தை அதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்னே கொண்டுபோனது. 2022 கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டும் மாணவர் பொய் எழுதவில்லை, காலாவதியானதை எழுதுகிறார். இரண்டு செய்திகளையும் ஒரே தாளில் தேதியை மறைத்து அச்சிட்டுக் கொடுத்து, எது பிந்தையது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஃபுளோரைடு எடுத்த குழுவுக்கு ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. ‘அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். மூல ஆவணத்தின் அட்டவணையைத் திறந்தால் இரண்டு எண்கள் இருக்கும்: ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 வரை. இடையில் உள்ள நிபந்தனையை யாரோ ஒருவர் விட்டுவிட்டு எழுத, அதைப் பார்த்து எழுதியவர்கள் வழியாக அது பரவிவிட்டது. இதைத் தன் கண்ணால் பார்த்த மாணவர் பிறகு மூல ஆவணத்தைத் திறக்காமல் எண் எழுத மாட்டார். இந்தியத் தரநிலைகளை இப்போது கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதால் சாக்குக்கும் இடமில்லை. அதே குழுவிடம், 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்படுவதற்கு முந்தைய ஆய்வை ‘தற்போதைய நிலை’ என்று எழுதலாமா என்றும் கேளுங்கள்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைத் தடை செய்வதாகச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை தரும் மேற்கோள் பட்டியலை வகுப்பிலேயே எடுத்து, தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடு, இதழின் அந்த ஆண்டு அந்தத் தொகுதி உண்மையிலேயே இருக்கிறதா பார், டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) எங்கே போகிறது பார் என்று மூன்று சோதனை செய்யச் சொல்லுங்கள். இல்லாத கட்டுரை ஒன்றாவது பிடிபட்டால், அதற்குப் பிறகு எந்த அறிவுரையும் தேவையில்லை.

மூன்று அமர்வுகளையும் கோத்து வைப்பது ஒரு தேடல் பதிவுத் தாள். ஆறு பத்தி (நெடுவரிசை): தேதி, எங்கே தேடியது, என்ன சொல் போட்டது, எத்தனை வந்தது, எதை எடுத்தது, ஏன். அசைன்மென்டுக்கு உள்ள இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இந்தத் தாளுக்கு ஒதுக்க வேண்டும்; மதிப்பெண் இல்லாவிட்டால் கடைசி நாள் இரவில் ஒருவர் எழுத மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். ‘ஏன்’ என்ற பத்தியை மட்டும் கவனமாகப் படித்தாலே யார் தேடினார், யார் தேடவில்லை என்று தெரிந்துவிடும்.

இந்த வழியும் கெடக்கூடியதுதான். நூலகர் வந்ததும் பாட ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டால், மாணவர்கள் அதை ஓய்வு பீரியடாக எடுத்துக்கொள்வார்கள். நூலகரால் பாடக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் முடியாது. இருவரும் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

உழைப்புக் கணக்கையும் பார்த்துவிடலாம். எட்டுத் துறைக்குத் தலா மூன்று அமர்வு என்றால் ஒரு பருவத்துக்கு 24 பீரியட். 60 பேர் நால்வர் குழுவாக இருந்தால் ஒரு வகுப்புக்கு 15 பதிவுத் தாள், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தால் ஒன்றே கால் மணி நேரம். தனிப் படிப்புக்கு நூலகர் செலவிடும் 30 மணி நேரம் 40 பேரைத் தொடும். அதே அளவு உழைப்பு இங்கே எட்டு வகுப்புகளைத் தொடுகிறது.

கல்லூரிக்குக் கல்லூரி மாற்றம் தேவைப்படும். இரண்டு ஷிப்ட் நடக்கும் பெரிய அரசுக் கல்லூரியில் எல்லாத் துறையையும் ஒரே பருவத்தில் பிடிக்க முடியாது. முதல் ஆண்டில் ஒத்துழைக்கும் மூன்று துறைகளோடு தொடங்குங்கள். பர்கூர், ஓசூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இரண்டாம் அமர்வில் இந்தியத் தரநிலைகளையும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்தையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நூலகர் ஒருவரே எல்லா வேலையும் பார்க்கும் சிறிய சுயநிதிக் கல்லூரியில் முதல் அமர்வைப் பாட ஆசிரியரே நடத்தட்டும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நூலகர் வரட்டும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அமர்வுகளுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் மதிய இடைவேளையில் நூலகர் ஒரு மேசையில் உட்கார்ந்து, பதிவுத் தாளோடு வருபவர்களுக்கு மட்டும் உதவ வேண்டும். தாள் இல்லாமல் ‘சார், மேட்டர் ஏதாவது கொடுங்க’ என்று வந்தால் தாளைக் கொடுத்து, இரண்டு வரி நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஆறாம் பருவத்துக்கு இதை வைப்பதானால் டிசம்பரிலேயே துறைத் தலைவரிடம் தேதி வாங்கிவிடுங்கள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது முதல் அமர்வின் மூன்று கட்டத் தாள் மாணவர் கையில் இருக்க வேண்டும். திரும்பி வந்த வாரம் இரண்டாம் அமர்வு, அதற்குப் பிறகே தலைப்புப் பட்டியல் அறிவிப்புப் பலகைக்குப் போகட்டும்.